தாத்தாவின் பிஸ்கட் டின்னில் இருந்த சுழல்துப்பாக்கி



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் தொடங்கும்பொழுது, மாணவர் தம்மைப் பற்றியும் தம் குடும்பத்தைப் பற்றியும் அறிந்து சொல்லும் பகுதி ஒன்று வரும். அப்பகுதியை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நான் ஒரு சிறு பணியைச் சேர்த்துக் கொடுப்பேன். தாத்தா பாட்டி புழங்கிய பொருள் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வர வேண்டும். அதன் கதையை வீட்டில் கேட்டு எழுதி வர வேண்டும். மாணவர்களும் சளைக்காமல் கொண்டு வருவார்கள். பால்வெட்டும் உளி வரும். விளிம்பு உடைந்த மங்கு வரும். வெற்றிலைப் பெட்டியும் மண்ணெண்ணெய் விளக்கும் வரும். பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு ஆண்டுக்கு இரண்டாவது வந்துவிடும்.

ஓராண்டு மாணவி ஒருத்தி என்னையே கேட்டுவிட்டாள். "டீச்சர், உங்க தாத்தா என்ன வச்சிருந்தாரு?"

"ஒரு பிஸ்கட் டின்" என்றேன்.

"உள்ள என்ன டீச்சர் இருந்துச்சு?"

நல்ல வேளையாக மணி அடித்தது. அன்று வகுப்பில் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்து வயதுப் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்கும் செய்திகள் இதில் உள்ளன. ஆனால், அவர்களுடைய பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை அவை.

என் தாத்தா தெப்ராவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். 1960-களில் தோட்டத்தை விட்டு வெளியேறி, தம்போயில் ஒரு துண்டு நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியேறினார். 1988-இல் மறைந்தார். 2009-இல் என் சித்தப்பா அந்த வீட்டின் பின்கட்டைப் பிரித்துக் கல்வீடாகக் கட்ட முனைந்தபொழுது, கூரைச் சட்டத்துக்கும் பலகைச் சுவருக்கும் இடையே செருகியிருந்த டின் ஒன்று கிடைத்தது. அப்பொழுது நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தொலைபேசியில் சித்தப்பாவின் குரல் தாழ்ந்து ஒலித்தது. "அம்மாடி, ஒரு சாமான் கெடச்சிருக்கு. போன்ல சொல்ல முடியாது. கெளம்பி வா."

நான் போய்ச் சேர்ந்தபொழுது சமையற்கட்டு மேசையில் நாளிதழை விரித்து, அதன்மேல் ஒரு சுழல்துப்பாக்கியை வைத்திருந்தார்கள். டின்னில் கெட்டியான கிரீஸ் நிறைந்திருந்தது. அதனுள் புதைந்து கிடந்த இரண்டு தோட்டாக்கள் தனியே கிடந்தன. சித்தப்பாவின் கையில் உப்புத்தாள். துப்பாக்கியின் கைப்பிடிப் பின்புறம் வெள்ளி போல் மின்னிக்கொண்டிருந்தது.

"துரு போகட்டும்னுதான்" என்றார் அவர்.

அந்தப் பத்து நிமிடத் தேய்ப்பில் போனது என்ன என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. அன்று எனக்குத் தோன்றியவை இரண்டே. யாரும் அதைத் தொடக்கூடாது. உடனே காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். சித்தப்பா நிலையத்தை அழைத்தார். அவர்கள் வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரத்தில் என் பாடக் குறிப்பேட்டின் கடைசித் தாளில், எட்டியிருந்து கண்ணுக்குத் தெரிந்தவற்றையெல்லாம் வரைந்துகொண்டேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பயிற்றுத் துணைப்பொருள் வரைந்து பழகிய கை அன்று உதவியது.

அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு அது என்ன துப்பாக்கி என்று கண்டறிய எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. பழைய துப்பாக்கியை அடையாளம் காண்பது நாணயத்தை அடையாளம் காண்பது போன்றதே. வடிவம் பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்வன அதில் பொறித்த எழுத்தும் குறியும் எண்ணும்.

முதலில் வடிவம். சுழல்துப்பாக்கி வேறு, தானியங்கிக் கைத்துப்பாக்கி வேறு. முன்னதில் தோட்டாக்கள் உருளையில் இருக்கும். ஒவ்வொரு சுடுதலுக்கும் உருளை ஓர் அறை திரும்பும். பின்னதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்காக இருக்கும். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டதும், பின்னர்த் தம்மையே சுட்டுக்கொண்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கியால். மேடைகளில் அதை ரிவால்வர் என்றே முழங்கக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர்களாவது திருத்திச் சொல்லலாம்.

தாத்தாவின் டின்னில் இருந்தது ஆறு அறைகள் கொண்ட உருளை உடையது. உருளைக்கு முன்னே, கீழ்ப்பக்கத்தில் ஒரு கீல். சுத்திக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் தள்ளும் கொக்கி. அதைத் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடிந்து திறக்கும். காலித் தோட்டா உறைகள் ஆறும் ஒருசேர வெளியே தள்ளப்படும். கைப்பிடி அடியில் கயிறு கோக்கும் வளையம். இது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து வெப்லி நிறுவனத்தின் அமைப்பு. பிரித்தானியப் படை 1887-இல் வெப்லியின் முதல் வகையை ஏற்றது. ஆறாம் வகை 1915-இல், முதல் உலகப் போரின் நடுவே வந்தது. முந்திய வகைகளின் கைப்பிடி பறவையின் அலகு போல் வளைந்து முடியும். ஆறாம் வகையில் அது சதுரமாக முடியும். என் படத்தில் இருந்தது சதுரம். ஆறு அங்குலக் குழல்; .455 அங்குல விட்டம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இடப்பக்கச் சட்டத்தில் வெப்லி என்ற பெயரும், மார்க் 6 என்ற வகையும், 1917 என்ற ஆண்டும் இருந்தன. அவற்றை உப்புத்தாள் தொட்டிருக்கவில்லை.

அடுத்தது உரிமைக் குறி. பிரித்தானிய அரசின் உடைமை அனைத்திலும், துப்பாக்கி முதல் தண்ணீர்க் குடுவை வரை, காக்கைக் கால் போன்ற ஓர் அம்புக்குறி இருக்கும். நான் வரைந்திருந்த குறியில் அந்த அம்புக்கு இருபுறமும் ஆங்கில ‘டி’ எழுத்து ஒவ்வொன்று இருந்தது. அது ஆஸ்திரேலியத் தற்காப்புத் துறையின் குறி. ஆக, 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, ஆஸ்திரேலியப் படைக்குச் சொந்தமாகி, தம்போயில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் கூரைக்குள் வந்து அடங்கியிருக்கிறது அது.

இந்த மூன்றாவது தாவல் எப்படி நேர்ந்தது என்பதற்குத் தம்போய்வாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இப்பொழுது பெர்மாய் மருத்துவமனை என்று நாம் அறிந்த மனநல மருத்துவமனை 1937-இல் திறக்கப்பட்டது. 1941 நவம்பரில் அதன் கட்டடங்களுக்கு 13-ஆவது ஆஸ்திரேலியப் பொது மருத்துவமனை வந்து சேர்ந்தது. ஜப்பானியர் நெருங்கியதும் 1942 ஜனவரியில் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. அதில் பணியாற்றிய தாதி விவியன் புல்விங்கல், பிப்ரவரி 16-இல் பங்கா தீவில் நடந்த தாதியர் படுகொலையில் உயிர் தப்பிய ஒரே தாதி. நம் வீடுகளுக்குப் பக்கத்தில் நடமாடியவர். நம் பிள்ளைகளுக்கு இதை நாம் சொல்வதில்லை. ஜனவரியில் கெமாசிலும் மூவாரிலும் போரிட்ட ஆஸ்திரேலிய, இந்திய, பிரித்தானியப் படைகள் ஜொகூர் சாலைகள் வழியே தெற்கே நகர்ந்தன. ஜனவரி 31-இல் கடைசி ஆள் கடந்ததும் ஜொகூர்ப் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்வாங்கும் படை வழியெங்கும் பொருளை விட்டுத்தான் செல்லும்.

மீதிக் கதையைப் பாட்டி சொன்னார். அன்று அவருக்கு எண்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் கிடந்ததைக் கண்டதும் அவர் வியப்படையவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

தாத்தாவுக்கு அப்பொழுது இருபது வயது. சாலையோரச் சாக்கடையில், தோல் உறையோடு கண்டெடுத்தாராம். விற்கலாம் என்றோ, வைத்துக்கொள்ளலாம் என்றோ தெளிவான எண்ணம் இருந்திருக்காது. ஜப்பானியர் காலத்தில் புதைத்து வைத்தார். 1945 டிசம்பரில் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபொழுது, ஆயுதம் ஒப்படைத்த கெரில்லா வீரர் ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுத்தார்கள். அப்பொழுது கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் காட்டில் இருந்தவன் என்று பெயரைப் பதிந்துகொள்வார்களோ என்று தாத்தா தயங்கினார். அந்தத் தயக்கத்தில் இரண்டரை ஆண்டு ஓடியது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் நாடு முழுதும் அவசரகாலம். ஜூலையில் வந்த விதிகளின்படி, அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்துவதற்கும் வைத்திருப்பதற்கும் மரண தண்டனை.

நான் பாட்டியிடம் கேட்டேன். "ஆத்துல போட்டிருக்கலாமே பாட்டி? தெப்ராவ் ஆறு பக்கந்தானே?"

"ஆத்துக்குப் போற வரைக்கும் அது அவரு இடுப்புலதானே இருக்கும்? வழியில புடிச்சா தூக்கு. வீட்டுல இருந்தாலும் தூக்கு, வெளிய கொண்டு போனாலும் தூக்கு."

"போலீஸ்ல குடுத்திருந்தா?"

பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். "கணபதி அதத்தானே செய்யப் போனாரு?"

எங்கள் வீட்டில் மலாயா கணபதியின் பெயர் அதற்கு முன் உரக்கச் சொல்லப்பட்டதாக எனக்கு நினைவில்லை. சிறுவயதில் திருமண வீட்டில் யாரோ அந்தப் பேச்சை எடுக்க, தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனது நினைவிருக்கிறது. அரசியல் பிடிக்காதவர் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

சா. அ. கணபதி தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே சிங்கப்பூருக்கு வந்தவர். இந்தியத் தேசிய இராணுவத்தில் பயிற்றுநராக இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். சீனரும் தமிழரும் ஒன்றாகக் கூலி உயர்வு கேட்டு நின்ற காலம் அது. 1948 ஜூனில் அந்தச் சம்மேளனத்தின் பதிவு இரத்துச் செய்யப்பட்டது. 1949 மார்ச் 1-இல் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டப் பக்கத்தில் கணபதி கைது செய்யப்பட்டார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டவை ஒரு சுழல்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும். வழியில் கிடைத்ததைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே கொண்டு சென்றார் என்று அவரைப் போற்றுவோர் இன்றளவும் சொல்லி வருகிறார்கள். மார்ச் 15-இல் கோலாலம்பூரில் விசாரணை; மரண தண்டனை. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. மலாயாவில் இந்திய அரசின் பேராளராக இருந்த ஜான் திவி முயன்றார். நேருவின் அரசும் கேட்டுப் பார்த்தது. மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கைதான நாளிலிருந்து 64-ஆம் நாள். அதற்கு முந்திய நாள்தான், அவரோடு சங்கப் பணியில் நின்ற வீரசேனன் நெகிரி செம்பிலானின் ஜெராம் பாடாங் தோட்டப் பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழகத்தில் கலைஞர் மு. கருணாநிதி ‘கயிற்றில் தொங்கிய கணபதி’ என்று ஒரு சிறுநூலே எழுதினார். மலாயாத் தோட்டங்களில் அந்தப் பெயரைக் காதோடு காதாகத்தான் சொன்னார்கள்.

கணபதி கட்சிக்காரர். தாத்தாவோ சங்கச் சந்தா கூட ஒழுங்காகக் கட்டாதவர். எனினும் சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒன்றே என்பதுதான் தாத்தாவின் அச்சம். அந்த அச்சம் மிகையா என்று பின்னர் நான் தேடிப் பார்த்தேன். நம் ஜொகூரிலேயே அதற்கு விடை இருந்தது.

சாம்பசிவம் என்பவர் 1948-இல் ஜொகூரில் பிடிபட்டார். அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி ஏந்தினார் என்பது ஒன்று; பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தார் என்பது மற்றொன்று. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை பெற்றார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் நீதிபதிக்கும் அவருக்குத் துணையாக அமர்ந்த மதிப்பீட்டாளர்களுக்கும் கருத்து வேறுபட்டதால் மறுவிசாரணை வந்தது. இரண்டாம் விசாரணையில் புதிய மதிப்பீட்டாளர்கள்; இம்முறை மரண தண்டனை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அங்கே ஒரு நுட்பமான பிழை வெளிப்பட்டது. மறுவிசாரணையில் அரசுத் தரப்பு நம்பியிருந்தது சாம்பசிவம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை. துப்பாக்கியும் தோட்டாவும் இரண்டுமே தன்னிடம் இருந்தன என்றது அது. தோட்டாவைப் பொறுத்தவரை அவர் குற்றமற்றவர் என்று முன்பே தீர்ப்பாகிவிட்டதை மதிப்பீட்டாளர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாதி பொய் என்று நீதிமன்றமே ஏற்ற வாக்குமூலத்தின் மறுபாதியை எப்படி நம்புவது? 1950-இல் பிரிவி கவுன்சில் தண்டனையை நீக்கியது. ஒருமுறை கிடைத்த விடுதலைத் தீர்ப்பு, அதே தரப்பினருக்கு இடையே பின்னால் வரும் எல்லா நடவடிக்கைகளையும் கட்டுப்படுத்தும் என்று மெக்டெர்மட் பிரபு உரைத்த கோட்பாட்டைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரு தமிழரின் கழுத்திலிருந்து கழன்ற கயிறு அது என்பதை அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்ப்பார்களோ!

இலண்டன் வரை சென்று வழக்காடும் வழி தாத்தாவுக்கு எங்கே இருந்திருக்கும்? ஆகவே, கண்டெடுத்த பொருளைக் கிரீஸில் புதைத்து, டின்னை மூடி, பேசாமல் இருந்தார். 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டபொழுதும் அது அவரோடு இருந்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. தோட்டத்திலிருந்து தம்போய்க்கு அந்த டின், மீன் கூடையில் கருவாட்டுக்கு அடியில் வந்ததாம். கூடையைத் தலையில் சுமந்தவர் பாட்டி.

அவசரகாலம் முடிந்த பின்னும் ஏன் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். 1960-லேயே ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. பின்னதன்படி, பாதுகாப்புப் பகுதிகளில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனையே. 1971-இல் சுடும் ஆயுதங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டம் வந்தது. 1977-இல் பினாங்கில் 14 வயது மாணவன் ஒருவனுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறுவர் நீதிமன்றச் சட்டம் அவனுக்குப் பொருந்தாது என்று மேல்முறையீட்டில் கூட்டரசு நீதிமன்றமும் கூறியது; மன்னிப்பு வாரியம் தண்டனையை மாற்றிய பின்னரே அவன் கயிற்றிலிருந்து தப்பிச் சீர்திருத்தப் பள்ளிக்குச் சென்றான். பதினான்கு வயது என்றால் நம் மாணவர் படிவம் இரண்டில் இருக்கும் வயது. நாளிதழ்களில் அச்செய்தி வந்த நாள்களில் தாத்தா இரவில் எழுந்து கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என்று பாட்டி சொன்னார்.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. 2023-இல் கட்டாய மரண தண்டனையும் நீக்கப்பட்டது. ஆயினும் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பது சிறு குற்றமாகிவிடவில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கலாம். உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்தவர் இறந்தாலும் அந்த உரிமம் பிள்ளைக்கு இறங்காது. ஆயுதத்தைக் காவல் துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். தமிழகத்து உறவினர் வீட்டில் பாட்டன் துப்பாக்கி சுவரில் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து சிலர் குழம்புகிறார்கள். இந்தியாவில் வாரிசு தம் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். சுட இயலாத பழம்பொருளுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே விலக்கும் உண்டு. அமெரிக்காவில் 1898-க்குள் செய்யப்பட்டது என்றால் பழம்பொருள். அந்தக் கணக்குகள் எவையும் நம் ஊருக்கு உதவா. பரணில் அப்படி ஒன்று கிடைத்தால் தொடாமல், திறந்து பார்க்காமல், துடைக்காமல், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் காவல் நிலையத்தை அழையுங்கள். பழைய தோட்டா வயதாகிவிட்டதால் செத்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டா.

எங்கள் வீட்டுக்கு வந்த காவல் அதிகாரிகள் மூவர். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் பையிலிட்டு முத்திரையிட்டார்கள். அவர்கள் முதலில் கேட்டது, கைப்பிடிப் பின்புறத்தை யார் தேய்த்தது, எதற்காக என்பதுதான். எண்ணை அழித்த துப்பாக்கி என்றால் காவல் துறைக்கு அதன் பொருள் வேறு. நல்வாய்ப்பாகத் தொடர் எண் வேறிடத்தில் தெளிவாக இருந்தது. சித்தப்பா நிலையத்துக்குச் சென்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு மாலையில் திரும்பினார். அது வரை பாட்டி சாப்பிடவில்லை.

இனி, உப்புத்தாள் அழித்தது என்ன என்பதைச் சொல்கிறேன். வெப்லித் துப்பாக்கிகளில் அதைப் பெற்ற படைப்பிரிவின் குறியையும் எண்ணையும் பல வேளைகளில் கைப்பிடியின் பின்பட்டையில்தான் பொறிப்பார்கள். என் படத்தில் அவ்விடத்தில் ஓர் எண்ணின் வால் மட்டும் இருக்கிறது. 3 அல்லது 5. அது முழுமையாக இருந்திருந்தால், எந்தப் பிரிவுக்கு உரியது என்று தேடியிருக்கலாம். எங்கோ ஒரு குடும்பத்தில் அதைத் தொலைத்தவரின் பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். அறுபத்தேழு ஆண்டுகள் கிரீஸ் காப்பாற்றி வைத்ததைப் பத்து நிமிடத்தில் இழந்தோம். சித்தப்பாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பழையதைப் பளபளப்பாக்குவதுதான் மரியாதை என்று குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழகிய கை நம்முடையது.

அருங்காட்சியகத்தார் இதற்கு நேர்மாறாக நடப்பார்கள். எஃகின் மேலுள்ள கருநீலப் பூச்சும் வயதேறிய பழுப்பும் சான்றின் பகுதி, அவற்றைச் சுரண்டமாட்டார்கள். வெறுங்கையால் தொடமாட்டார்கள், வியர்வையின் உப்பு விரல்ரேகை வடிவிலேயே துருவாகும். தோல் உறைக்குள் ஆயுதத்தை வைக்கமாட்டார்கள். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் ஈரமும் இரும்பை அரிக்கும், பித்தளையைப் பச்சையாக்கும். தூசியை மென்தூரிகையால் நீக்கி, நுண்மெழுகு தடவி, அமிலமில்லாத தாளில் வைத்து, காற்றின் ஈரத்தைக் குறைப்பார்கள். ஜொகூரின் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. இரும்புக்கோ அதில் பாதியே அதிகம். உங்கள் வீட்டுப் பால்வெட்டும் உளிக்கும் பாக்குவெட்டிக்கும் இதே விதிதான். உளியின் பிடியில் தாத்தா கீறிய அடையாளம் இருக்கும், அதைத் தேய்த்துவிடாதீர்கள்.

பொறித்த எண் ஒன்று எவ்வளவு செய்யும் என்பதற்குப் பகத்சிங்கின் கைத்துப்பாக்கியே சாட்சி. 1928 டிசம்பர் 17-இல் லாகூரில் சாண்டர்ஸ் என்னும் காவல் அதிகாரியைச் சுட்ட .32 கோல்ட் தானியங்கி அது. வழக்கு ஆவணத்தில் அதன் எண் 168896 என்று இருந்தது. பின்னர் அது பஞ்சாபின் ஃபில்லௌர் காவல் பயிற்சிக் கழகத்துக்குச் சென்று, அங்கிருந்து 1960-களின் இறுதியில் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. துருப்பிடிக்காமல் இருக்கக் கருஞ்சாயம் பூசி, பல துப்பாக்கிகளில் ஒன்றாக அங்கே கிடந்தது. பகத்சிங்கின் துப்பாக்கி என்று யாருக்கும் தெரியாது. 2016-இல் பத்திரிகையாளர் ஜூபிந்தர்ஜித் சிங் ஆவணங்களைத் தொடர்ந்து சென்று கேட்டபொழுது, சாயத்தை நீக்கிப் பார்த்தார்கள். அதே எண். மறு ஆண்டே அது ஹுசைனிவாலா அருங்காட்சியகத்துக்கு வந்தது. சாயத்துக்குப் பதிலாக யாரேனும் உப்புத்தாளை எடுத்திருந்தால், அது என்றைக்கும் பழைய இரும்புதான்.

தாத்தாவின் துப்பாக்கியை நான் மீண்டும் பார்க்கவில்லை. பார்க்கக் கேட்கவும் இல்லை. அது எங்களுடையது அன்று. டின் மட்டும் எங்களிடம் இருக்கிறது. அதில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போட்டு, பாடக் குறிப்பேட்டுத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். பாட்டி சொன்னவற்றை அன்றிரவே எழுதி வைத்த நான்கு பக்கங்களும் உள்ளே இருக்கின்றன. அவற்றோடு மடிப்புகளில் கிழிந்துபோன இன்னொரு தாளும் உண்டு. அது காவல் நிலையத்தில் கொடுத்த ரிப்போர்ட்டின் நகல். சித்தப்பா அதைக் கொண்டு வந்த மாலையில் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது. முத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கப்புறம் யாரும் வரமாட்டாங்கல்ல?"

"வரமாட்டாங்க பாட்டி."

தலையணை உறைக்குள் அதை வைத்துக்கொண்டார். 2012-இல் அவர் மறைந்த பிறகு, படுக்கையை எடுத்தபொழுதுதான் அது என் கைக்கு வந்தது.